பார்த்த ஊரும் பாராத மார்க்கெட்டும்

ஊர் சுற்றி வந்தவர் வாய் திறந்தால் இருவர் காது கொடுப்பர். மூன்றாமவர் தாம் போய்வந்த ஊரைச் சொல்ல நேரம் பார்த்துக் கொண்டிருப்பார். “அதென்ன பெரிது! எங்கள் பக்கம் வந்து பாருங்கள்” என்று அவர் தொடங்கியதும் ஓர் ஊர் மேலே ஏறும், மற்றோர் ஊர் கீழே இறங்கும். பயணக் கதை பேசப்படும் இடமெல்லாம் இந்தத் தராசு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தத் தராசைப் பல ஆண்டுகள் கையில் பிடித்தவர்களுள் நாமும் ஒருவர். கடந்த சனவரியில் அது நம் கையில் எவ்வாறு தடுமாறிற்று என்பதை வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட விரும்புகிறோம்.

நம்மோடு திருச்சியில் ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் மூவர். ஒருவர் மும்பையில் வாழ்கிறார். ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். மற்றவர் கொழும்பில் மளிகை வணிகம் செய்கிறார். பொங்கலை ஒட்டி மூவரும் ஊருக்கு வரும்போது, ஒரு நாள் மாலை நமது பங்கு இல்லத்துத் திண்ணையில் கூடுவது வழக்கம். அந்த ஆண்டில் அவரவர் கண்ட இடங்களைச் சொல்லுவதும், ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், சில வேளை சண்டையிடுவதும் அன்றைய விருந்து.

இது தமிழர்க்குப் புதிய பழக்கமன்று. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்தை 1940-ஆம் ஆண்டில் எடுத்து முடித்த ஏ. கே. செட்டியார், அதற்காகப் பல நாடுகளில் அலைந்தவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றே அவரைத் தமிழுலகம் அழைத்தது. அவர் தம் பயணங்களை எழுதியதோடு நில்லாமல், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து அச்சிட்டார். தாம் கண்டதைச் சொல்லுவோர் பலர். பிறர் கண்டதைத் தேடிச் சேர்ப்போர் சிலரே.

திண்ணைத் தராசு

இம்முறை பேச்சு மார்க்கெட் பக்கம் திரும்பியதற்குக் காரணம் சாலை நெரிசல். மும்பை நண்பர் காந்தி மார்க்கெட் முகப்பில் அரை மணி நேரம் ஆட்டோவில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, வியர்வையோடு வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகத் தம் ஊர்க் கிராஃபோர்டு மார்க்கெட்டின் பெருமையை எடுத்துவிட்டார். 1869-இல் எழுந்த கட்டடம் அது. இப்போது மகாத்மா ஜோதிபா புலே மண்டை என்பது அதன் பெயர். அதன் வாயிலில் உழவர்களைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றை அமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. “மார்க்கெட் என்றால் அது மார்க்கெட்!” என்று முடித்தார்.

சிங்கப்பூர் நண்பர் விடுவாரா? சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா மார்க்கெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1915-இல் கட்டப்பட்ட பழைய மார்க்கெட்டுக்கு மாற்றாக, 1982-இல் எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் எழும்பிற்றாம். கீழ்த்தளத்தில் மீன், இறைச்சி, காய்கறி, உணவுக் கடைகள்; மேல்தளத்தில் துணிக்கடைகள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே வரிசையில் நின்று முருங்கைக்காய் பொறுக்குவார்களாம். “தரையில் நீர் நின்று நான் பார்த்ததில்லை” என்றார்.

கொழும்பு நண்பர் சற்றுத் தயங்கிப் பேசினார். புறக்கோட்டையில் இருந்த மானிங் மார்க்கெட்டின் மொத்த வியாபாரம், 2020 நவம்பரில் நகருக்கு வெளியே பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. “இடம் விசாலம், லாரி நிற்க வசதி. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய கூச்சலைக் காது தேடுகிறது” என்றார் அவர்.

நாமாவது வாய் மூடி இருந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்குமுன் வெளிநாடுகளில் சில ஊர்களைப் பார்த்து வந்த செருக்கு நமக்கும் உண்டு. “நம் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவன் வேட்டியை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு போக வேண்டும், திரும்பியதும் தலை முழுக வேண்டும்” என்றோம். திண்ணை அதிரச் சிரித்தார்கள்.

அப்போது காப்பித் தம்ளர்களோடு நின்றிருந்தார், பங்கு இல்லத்தில் சமையல் செய்யும் அம்மையார். அவருடைய தாயார் காந்தி மார்க்கெட்டில் தரைக்கடை போட்டுக் கீரை விற்பவர் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை.

“சாமி, நீங்க மார்க்கெட்டைப் பார்த்ததே இல்லீங்களே. ரோட்டைத்தானே பார்த்திருக்கீங்க” என்றார்.

திண்ணை அமைதியாயிற்று. எண்ணிப் பார்த்தோம். திருச்சியில் நாம் வாழ்ந்த ஆண்டுகள் முப்பதுக்கு மேல். அந்த வழியே போகாத வாரமில்லை. முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து சென்றவர்களின் நினைவாக மார்க்கெட் அருகே எழுப்பப்பட்ட சின்னத்தைக்கூட நாம் நின்று படித்ததில்லை. தேக்காவின் கதை கேட்கத் தெரிந்த நமக்கு, வீட்டுச் சாம்பாரில் கிடந்த வெங்காயம் எந்த வழியாய் வந்தது என்று தெரியவில்லை.

“நாளை எத்தனை மணிக்கு வந்தால் பார்க்கலாம், அம்மா?” என்று கேட்டோம்.

“மூணு மணிக்கு வாங்க சாமி. அஞ்சு மணிக்கு மேல வந்தா வேலை பாதி முடிஞ்சிடும்.”

அதிகாலை மூன்று மணி

மறுநாள் நால்வரும் அவர் பின்னே நடந்தோம். கோட்டை மார்க்கெட்டாக 1868-இல் தொடங்கிய இந்தச் சந்தை, 1927-இல் விரிவுபெற்றது. காந்தியடிகளின் பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. நூற்றைம்பது ஆண்டு கடந்த அந்த இடம், ஊர் உறங்கும் நேரத்தில் முழுதும் விழித்திருந்தது.

பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் ஒரு லாரியில். மகாராட்டிரத்துப் பெரிய வெங்காயம் மற்றொன்றில். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த உருளைக்கிழங்கு அடுத்ததில். காவிரிக் கரை ஊர்களிலிருந்து வாழை இலைக்கட்டும் கத்தரியும் கீரையும் சிறு வண்டிகளில் வந்து இறங்கின. சுமைதூக்கும் தொழிலாளர் இருவர் மூட்டையைப் பிடித்து உயர்த்த, மூன்றாமவர் தலையில் சும்மாட்டை அழுத்திக்கொண்டு குனிந்து ஏற்றார். ஏற்றவர் நிற்கவில்லை, நின்றால் பாரம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். “வழி, வழி!” என்ற குரலுக்கு எல்லாரும் ஒதுங்கினர். அங்கியணிந்த நாமும் ஒதுங்கினோம். அங்கே மூட்டை சுமப்பவருக்கே முதல் வழி.

மண்டிகளில் விலை பேசும் வேகம் நமக்குப் புரியவில்லை. விளைவித்தவர் சரக்கை மண்டிக்குக் கொண்டுவருகிறார். மண்டிக்காரர் கமிஷன் பிடித்துக்கொண்டு விற்றுக் கொடுக்கிறார். சில்லறைக் கடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் எடுத்துச் செல்கின்றனர். கையில் பணமில்லாத தள்ளுவண்டிக்காரர் ஒருவருக்குத் துண்டுச் சீட்டில் ஒரு கணக்கு எழுதிக்கொண்டு சரக்கைத் தள்ளினார்கள். மாலையில் விற்று வந்து கட்டுவாராம். கையெழுத்துமில்லை, சாட்சியுமில்லை.

மும்பை நண்பர் ஒரு மூலையில் நின்றுவிட்டார். வெங்காய மூட்டையின்மேல் அமர்ந்து, கைகளுக்கிடையே தேநீர்த் தம்ளரை உருட்டிக் கொண்டிருந்தார் ஒரு விவசாயி. அன்றைய விலை அவருக்கு இன்னும் தெரியவில்லை. “எங்கள் ஊரில் உழவரைக் கல்லில் செதுக்கி வாயிலில் வைத்திருக்கிறார்கள். இவரை அங்கே நான் தேடியதே இல்லை” என்றார் நண்பர்.

வரகனேரியிலிருந்து நடந்தே வருகிற அந்தப் பாட்டியம்மா, எழுபதை எட்டியவர், தம் இடத்தில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டுகளை அடுக்கிக் கொண்டிருந்தார். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை என்று வரிசை. தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரச் சாக்கால் மூடினார். குடிக்க நண்பர் நீட்டிய தண்ணீர்ப் புட்டியை மட்டும் வேண்டாமென்றார். பத்து மணி வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லையாம். “சரக்கை விட்டுட்டு எந்திரிக்க முடியாதுங்களே” என்றார். கீரைக்குத் தெளித்த நீர் அவர் தொண்டைக்கு இல்லை. முதல்நாள் மாலை நாம் சிரித்த சிரிப்பு அப்போது நமக்குக் கசந்தது.

மாறப் போகும் இடம்

இந்த மார்க்கெட்டை இடம் மாற்றும் பேச்சு நெடுநாளாய் நடக்கிறது. மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் 2017-இல் புதிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. தூரம் அதிகம், கடைகள் சிறியவை என்று வியாபாரிகள் செல்ல முன்வரவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் சில மாதம் நடந்து, பின்பு திரும்பி வந்தது. பஞ்சப்பூரில் 2025-இல் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கேயே காய்கறி மார்க்கெட்டும் அமைக்கத் திட்டம் உருவாயிற்று.

நண்பர்களின் ஊர்க்கதைகள் அங்கேதான் உண்மையாய்ப் பயன்பட்டன. “கிராஃபோர்டு மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் 1996-இல் நவி மும்பைக்குப் போயிற்று, சில்லறைக் கடைகளோடு பழைய கட்டடம் இன்றும் உயிரோடிருக்கிறது” என்றார் ஒருவர். அதே 1996-இல் சென்னைக் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குச் சென்றதை நாம் நினைவூட்டினோம். மாறுவதால் மார்க்கெட் செத்துவிடுவதில்லை என்பது இவற்றால் விளங்கிற்று. தேக்காவில் நீர் வடியும் தரையையும், எதிர்ப்புறத்திலேயே புதிய கட்டடம் எழுந்த வசதியையும் சிங்கப்பூர் நண்பர் இப்போது பெருமையாய்ச் சொல்லவில்லை; பாட்டியம்மாவின் ஈரச் சாக்கைப் பார்த்தபடி சொன்னார். கொழும்பு நண்பரோ பாட்டியம்மாவையே கேட்டுவிட்டார்.

“போகச் சொன்னா போறோம் ஐயா. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தப் பஸ்ஸு வரும்? ஆட்டோவுக்குக் குடுத்துட்டா கீரையில மிஞ்சுறது என்ன?”

நால்வரிடமும் விடையில்லை. ஆனால் எந்த ஊர் மார்க்கெட்டை எந்த ஊரோடு ஒப்பிட்டாலும், இடம் மாற்ற எந்தத் திட்டம் தீட்டினாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்று தோன்றிற்று. லாரிக்கு இடம் எவ்வளவு என்று கேட்போர் உண்டு. கீரைக்கட்டுக்கு வழி எது என்று கேட்போர் வேண்டும்.

ஆற்றுக்கு அப்பால்

பொழுது புலரும் முன்னே காவிரிப் பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கம் சென்றோம். 1987-இல் நிறைவுற்ற 236 அடி உயர ராஜகோபுரத்தைக் காண வருவோர் ஆயிரமாயிரம். நாங்கள் அன்று சென்றது சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருட்டிலேயே பறித்த மல்லிகையும் சம்பங்கியும் குவியல் குவியலாய்க் கிடந்தன. வெங்காயம் ஒரு வாரம் பொறுக்கும். பூ ஒரு பொழுதும் பொறுக்காது. வெயில் ஏற ஏற விலை இறங்குமாதலால், அங்கே ஒவ்வொருவர் கண்ணும் கீழ்வானத்தின்மேல் இருந்தது.

சிங்கப்பூர் நண்பர் ஒரு கை மல்லிகையை முகர்ந்து பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “திருச்சி விமான நிலையத்திலிருந்து காய்கறி எங்கள் ஊருக்கு வருவது எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டாய் இரண்டு மார்க்கெட்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினேன். ஒன்றின் மறுமுனை மற்றொன்று என்பது இன்றுதான் உறைத்தது” என்றார்.

அன்பு வாசகர்களே! விடுமுறைக்கு வெளியூரும் வெளிநாடும் சென்று வருவோர் நம் குடும்பங்களில் இன்று பலர். சென்று வாருங்கள், கண்டதைச் சொல்லுங்கள், ஒப்பிடவும் செய்யுங்கள். ஒப்பிடாமல் கற்க முடியாது. ஆயின் பிற ஊரை அது அலங்கரித்து நிற்கும் நேரத்திலும், நம் ஊரை அது களைத்துக் கிடக்கும் நேரத்திலும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவது நடுவுநிலைமை ஆகாது. இரண்டையும் அவை உழைக்கும் நேரத்தில் பார்ப்போம். அங்கே தரை துடைப்பவர் யார், இங்கே மூட்டை சுமப்பவர் யார் என்று கேட்போம்.

அடுத்த சனவரிக்கு எங்கள் திண்ணையில் ஒரு விதி செய்திருக்கிறோம். எந்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்குவோரும், முதலில் தாம் குடியிருக்கும் ஊரில் அதுவரை பாராத ஓர் இடத்தைப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். விதியைச் சமையல் அம்மையாரிடம் தெரிவித்தோம். “நல்லதுங்க சாமி” என்றார். பிறகு, “அம்மா உங்களுக்குன்னு ரெண்டு கட்டு முளைக்கீரை குடுத்துவிட்டிருக்காங்க” என்று உள்ளே சென்றார்.

அன்று பகல் அந்தக் கீரையைத்தான் நால்வரும் உண்டோம். எந்த ஊர்க் கீரை சுவையானது என்று ஒருவரும் வாதாடவில்லை.