வலி என்றொரு சொல்

கவிதை எழுதுவதைப் பிரசவ வேதனை என்று நம் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரவல் வேதனை.

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது வந்த ஆட்சேபங்களில் ஒன்று, ஏவாள் பெற்ற சாபத்தில் வைத்தியன் கை வைக்கலாகாது என்பது. சிம்ப்சனின் பதில் ஒரு விமர்சகனுடைய பதில்: ஆதியாகமத்தின் எபிரேயச் சொல் வேதனையை அல்ல, உழைப்பையே குறிக்கிறது என்று வாதாடிப் பிரசுரம் வெளியிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். பேசியவர்கள் இரு தரப்பிலும் ஆண்கள். 1853இல் விக்டோரியா ராணி தன் எட்டாவது பிரசவத்தில், ஜான் ஸ்னோ கொடுக்க, 53 நிமிஷம் அதை முகர்ந்தாள், அகராதி பார்க்கவில்லை.

நமக்கு அந்தச் சமயத்துக்கே வலி என்றுதான் பெயர். குறளில் அதே சொல்லுக்குப் பலம் என்று பொருள். இதை வைத்து ஒரு கட்டுரை கட்டிவிடலாம். பெற்றவள் படித்தால் சிரிப்பாள்.

என் மனைவி முதல் பிரசவத்தில் எதுவும் வேண்டாமென்றாள். இரண்டாவதற்கு, முதுகில் போடும் எபிடியூரல் வேண்டுமென்றாள்.

"நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்றாள் அம்மா.

"பெத்தீங்க அத்தை. உங்களை யாராவது கேட்டாங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். கையெழுத்துச் சரிபார்த்துப் பிழைப்பவன் நான். அவள் எட்டி வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள்.