கொடுவா அடிக்கும் சத்தம்

இருட்டில் பாலத்துத் தூணோரம் ‘பொத்’தென்று ஒரு சத்தம். மடவைக் குஞ்சுகள் சிதறி ஓடும். கொடுவா இரை எடுத்துவிட்டது; என் கையிலிருக்கும் நரம்பில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் எத்தனையோ ராத்திரி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறேன்.

இரையைத் துரத்தித் திரிகிற மீன் இல்லை அது. தூண், கழி, பழைய வலைக்கம்பு என்று எதையாவது ஒட்டி நின்றுகொண்டு, ஓட்டத்தில் வருவதை விழுங்கும். அதனால் தண்ணீர் ஓடியே ஆகவேண்டும். அட்டமி, நவமியில் ஓட்டம் செத்துக் கிடக்கும். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து வலைக் கிழிசல் பார்ப்பேன். அமாவாசையை ஒட்டித்தான் தூண்டில். உயிர் மடவைக் குஞ்சு, இல்லாவிட்டால் உயிர் இறால். செத்த இரையோடு காத்திருந்தால் கெளுத்திதான் வரும்.

பருவம் என்றால் வெளியூர்க்காரர் மாதத்தைச் சொல்வார்கள். எங்களுக்கு முகத்துவாரம்தான் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறு செந்தண்ணியைக் கொண்டுவந்து கொட்டும். ஏரியில் உப்பு இறங்கும், கடலுக்குப் போகிற வழி அகலும். கலங்கலில் தூண்டில் போடுவது வீண். தை பிறந்து தண்ணீர் தெளிந்து, கடல் மெல்ல உள்ளே ஏறும்போதுதான் கை பரபரக்கும். நான் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பையன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

பங்குனி, சித்திரையில் ஆற்றுத் தண்ணீர் நின்றுபோகும். அலை மணலைத் தள்ளித் தள்ளி வாயை அடைத்துவிடும். ஏரியே ஆள் மட்டத்துக்கு மேல் ஆழம் அதிகம் இல்லாதது. வெயிலில் அது சுருங்க, வடக்கே ஆந்திரப் பக்கம் தரை உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். ஊர் கூடி மண்வெட்டியோடு போய் வாயை வெட்டிவிட்ட வருடங்கள் உண்டு. இறாலுக்காகத்தான் வெட்டுகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் கொடுவாதான்.

காரணம் இருக்கிறது. கொடுவா ஏரிக்குள் வளரும், ஆனால் சினை விட அதற்குக் கடலின் உப்பு வேண்டும். வாய் அடைத்தால் பெரியது வெளியே போக முடியாது, குஞ்சு உள்ளே வர முடியாது.

அப்பா இன்னொன்றும் சொல்வார்: பெரிய கொடுவாவில் ஆணைப் பார்க்கவே முடியாது. கிண்டல் என்று நினைத்தேன். மீன் அறுத்தவர் கண்டுபிடித்த உண்மை அது. இரண்டு மூன்று கிலோ மீனின் வயிற்றில் வெள்ளையாகப் பால் இருக்கும். அதற்கு மேல் பருத்ததில் சினைதான். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தபோது, இந்த மாற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் தாய்மீன் வளர்த்திருப்பார்கள். இப்போது குளத்தில் வளர்த்த கொடுவாவும் சந்தைக்கு வருகிறது. சாப்பிட்டுப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது, ஏரி மீனின் இறுக்கம் மட்டும் இல்லை.

தூண்டிலில் மாட்டினால் முதலில் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும். அப்போது நரம்பைத் தளர விட்டால் முள்ளைத் துப்பிவிடும். இறுக்கிப் பிடித்தால் செவுள் மூடி கத்தியாக வெட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது, சொல்லித்தர வராது. என் இடது உள்ளங்கையில் இருக்கும் தழும்பு செவுளைப் பிடித்துத் தூக்கிய அவசரத்தில் வந்தது.

ஒரு மாசி அமாவாசை. தூணோரம் இழுத்தது, கால் மணி நேரம் விடவில்லை. டார்ச் அடித்தபோது கண் இரண்டும் நெருப்புத் துண்டாகச் சிவந்து நின்றன. எட்டு கிலோவுக்குக் குறையாது. பெண்தான், சந்தேகமே இல்லை. பையன், “விட்டுடலாமாப்பா?” என்றான். விட்டேன் என்று எழுத ஆசைதான். விடிவதற்குள் அது ஏலத்துக்குப் போய்விட்டது.