பின்வளவு வழியே போறணைக்கு

எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் வெதுப்பகத்துக்கு இரண்டு வாசல்கள். தெருப்பக்க வாசலில் இரண்டு படிகள். அவற்றை ஏறினால்தான் கண்ணாடி அலுமாரியும் காசு மேசையும். பின்வளவு வாசலில் படி இல்லை. விறகு வண்டியும் மா மூட்டை வண்டியும் உருண்டு வரச் சீமெந்தில் சரிவு போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் போகிற நான் பாண் வாங்குவது அந்தப் பின்வாசலால்தான். முன்னால் வாங்கிப் போகிறவர்கள் காணாத தொழிலை அதனால் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் விறகுப் போறணை வைத்திருக்கிற வெதுப்பகங்களில் இதுவும் ஒன்று. செங்கல்லால் கட்டிய வளைந்த கூடு; முன்னால் ஒரே வாய். விறகை உள்ளேயே அடுக்கி மணிக்கணக்கில் எரிக்கிறார்கள். கல் சூட்டைக் குடித்தபின் தணலை இழுத்து எடுத்து, தடியில் கட்டிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைக்கிறார்கள். அதன்பிறகு உள்ளே நெருப்பு இல்லை. கல் பிடித்துவைத்த சூட்டில்தான் பாண் வேகிறது. நிற்பவர்கள் குனிந்து பார்க்கும் போறணை வாய் என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கடைசி வரிசை அச்சு வரை எனக்குத் தெரியும்.

அங்கே வெப்பமானி கிடையாது. தலைமைப் பாண் சுடுபவரான பாஸ் ஒரு பிடி மாவைத் தளத்தில் தூவிப் பார்ப்பார். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் ஏற்றலாம். நீண்ட பிடியுள்ள மரத்துடுப்பில் அச்சுகளை வைத்து உள்ளே தள்ளி, ஒரே இழுப்பில் துடுப்பை வெறுமையாக்கி எடுக்கிறார். வெந்த பாணைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டுவார். உள்ளே வெறுமையான ஓசை கேட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கு முந்தைய வேலைதான் நுட்பமானது. மா, தண்ணீர், உப்பு, சீனி, ஈஸ்ட், கொஞ்சம் மாஜரின். இவ்வளவுதான் சேர்மானம். ஆனால் சித்திரை வெயிலில் மா மளமளவென்று பொங்கும்; ஈஸ்டைக் குறைத்து ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும். மார்கழி மழையில் அது அசையாது. சாக்கால் மூடிக் காத்திருக்க வேண்டும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். வேகும்போது நீர் ஆவியாகி நிறை குறையும் என்பதால் பச்சை மாவை 500 கிராமுக்கு மேலாகவே வெட்டுகிறார்கள். தராசு பக்கத்தில் இருந்தாலும், வெட்டும் கை முதலிலேயே சரியான நிறையில் வெட்டிவிடுகிறது.

2022இல் சமையல் எரிவாயு இல்லாமல் நாட்டில் பல வெதுப்பகங்கள் மூடப்பட்டன. எங்கள் போறணை விறகில் எரிந்துகொண்டிருந்தது. மா விலை ஏறியது, வரிசை நீண்டது. பாஸும் கூட வேலை செய்யும் இரண்டு தம்பிமாரும் இரவு பகலாக நின்றார்கள்.

அந்த நிற்றலுக்கு உடம்பு விலை கொடுக்கிறது. போறணைச் சூடு, இரவு விழிப்பு, மூச்சில் ஏறும் மாத்தூசு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700இல் தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலிலேயே பாண் சுடுபவர்களின் இந்தத் துன்பங்கள் பதிவாகியுள்ளன. வெதுப்பகங்களில் இரவு வேலையைத் தடுக்க சர்வதேச தொழில் தாபனம் 1925இல் ஒரு சமவாயமே கொண்டுவந்தது. நூறு வருடம் ஆகிறது. காலைப் பாணுக்காக இன்னும் யாரோ நடுச்சாமத்தில் மா குழைக்கிறார்கள்.

பின்வாசல் சரிவு எப்போது போட்டது என்று பாஸிடம் கேட்டேன். “முந்தி அம்பது கிலோ மூட்டையைத் தோளிலை வைச்சுப் படி ஏறினனாங்கள் அண்ணை. இதைப் போட்டபிறகுதான் என்ர நாரி தப்பினது” என்றார். எனக்கு வழிவிட்ட சரிவு அவர் முதுகையும் காப்பாற்றியிருக்கிறது.

அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் ஒன்று உண்டு. முள்ளந்தண்டு காயப்பட்ட எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சுடச்சுடப் பாணை மடியில் வைத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. இதைச் சொன்ன நாளிலிருந்து தம்பிமார் பாணைக் கடதாசியில் சுற்றி நாற்காலியின் பின்பையில் வைத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர் ஊனமாக்கியவர்கள் ஏராளம். கடை நடத்துகிற எல்லோரும் இந்த ஆபத்தை அறிந்திருப்பது நல்லது.

பாட்டு ஒலித்தபடி ஓட்டோவில் சூன் பாண் வீட்டு வாசலுக்கே வருகிறதே, ஏன் அலைகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஓட்டோக்காரருக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் எந்தப் பணிஸ் இன்று நன்றாகப் பொங்கியிருக்கிறது என்று நானே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரோடு நாலு வார்த்தை பேச வேண்டும். ஊரோடு இருப்பது என்றால் அதுதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது; பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தானும் சக்கர நாற்காலியில் இருந்த அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அவற்றை நடைமுறைப்படுத்துமாறு உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் புதிதாய்க் கட்டும் கடைகளில் முதலில் எழுவது படிதான்.

வெதுப்பக முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு போதும். மூட்டைக்கும் விறகுக்கும் பின்னால் போட்ட அதே சீமெந்தை முன்வாசலிலும் போடுங்கள். முதியவர்களும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், நானும் ஒரே வாசலால் வந்து பாண் வாங்கிப் போவோம்.