சாயும் படகா, சாயாத படகா? அப்பா கேட்ட ஒரு கேள்வி

பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் தீவு தீவாகச் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி, எந்தப் படகு என்பதுதான். ஓர் உடல் கொண்ட மோனோஹல்லா, இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாக இணைத்த கேட்டமரானா? குயிலாப்பாளையத்தில் ஒரு குடும்பம் ஒரு வாரமாக இந்த வாக்குவாதத்தில் இருந்தது. பொங்கல் விடுமுறைக்கு, தாய்லாந்தின் புக்கெட். மாதத்தில் சிக்கலில்லை, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடல் பெரும்பாலும் அமைதி. படகோட்டியும் கூடவே வருவார். போவது மூன்று பேர்: ஐ.டி. வேலையில் இருக்கும் மகள், முட்டிவலிக்கார அம்மா, இளமையில் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போன அப்பா.

மகள் போனில் காட்டிய கேட்டமரான் படத்தை அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல எங்கம்மா கட்டு இருக்கு?"

நியாயமான சந்தேகம். பெயர் மட்டும்தான் நம்முடையது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வந்துவிட்டது. பிறகு பசிபிக் தீவுக்காரர்கள் ஓட்டிய இரட்டைப் படகு வகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜக் கட்டுமரத்தில் தண்ணீர் தேங்கக் குழியே இல்லை. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். அதனால்தான் துறைமுகமில்லாத நம் கரையில் அலையை உடைத்துக்கொண்டு அதனால் போய்வர முடிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிய, கட்டுமரங்கள் குறைந்தன. அப்பாவுடையதும் அப்போது போனதுதான். அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை.

மகள் கேட்டமரான் பக்கம் நின்றதற்குக் காரணம் அம்மா. மோனோஹல் காற்றில் ஓடும்போது பதினைந்து, இருபது டிகிரி சாய்ந்தே ஓடும். அதுதான் அதன் இயல்பு. அந்தச் சாய்வில் படியிறங்கி அறைக்குப் போவது, அடுப்பில் பால் காய்ச்சுவது, கழிவறைக்குப் போவது எல்லாம் முட்டிவலிக்காரருக்குத் தண்டனை. கேட்டமரான் ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும், இடமும் தாராளம். ஆழம் குறைந்த இடத்திலும் கரையை ஒட்டி நங்கூரம் போடலாம். ஆனால் அதே நீளத்துக்கு வாடகை அதிகம். எதிர்க்காற்றில் மோனோஹல் அளவுக்கு நெருக்கிப் போகவும் அதனால் முடியாது. வாந்தி வராது என்றும் சொல்ல முடியாது. குறுக்கலையில் அது வெடுக்வெடுக்கென்று ஆடும்.

அப்பாவின் கேள்வி வேறு. "கவுந்தா எது நிமிரும்?"

மோனோஹல்தான். அதன் அடியில் ஈயமோ இரும்போ கொண்ட கனமான கீல் இருக்கிறது. கவிழ்த்தாலும் அந்த எடை படகைத் திருப்பிவிடும். 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அபிலாஷ் டாமியின் துரியா படகு உருண்டது. பாய்மரங்கள் முறிந்தன, அவருக்கு முதுகெலும்பில் அடி. ஆனாலும் படகு நிமிர்ந்து மிதந்தது, அவர் மீட்கப்பட்டார். பெரிய கேட்டமரான் சுற்றுலாக் கடலில் கவிழ்வது மிக அபூர்வம். கவிழ்ந்தால் மட்டும் தலைகீழாகவே மிதக்கும்.

"நம்ம பாண்டிச்சேரிப் பொண்ணு உலகத்தைச் சுத்துனது எதுலயாம்?" என்று அப்பா மடக்கினார். கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியைச் சொல்கிறார். சக அதிகாரி தில்னாவுடன் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் திரும்பிய தாரிணி, 56 அடி மோனோஹல்.

"அப்பா, நாம கேப் ஹார்ன் போகல. நாலு நாள் குளிச்சு, சாப்பிட்டுத் தூங்கப் போறோம்."

அதுவரை பேசாத அம்மா முடித்துவைத்தார். "சாயுற வீட்ல நான் படுக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

கேட்டமரான் முடிவானது. நான்கு நாள் மூன்றாகக் குறைந்தது. வாடகை கட்டுப்படியாக வேண்டுமே!

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். காற்று மிஞ்சினால் மோனோஹல் சாய்ந்து எச்சரிக்கும். ஓட்டுகிறவர் பாயைச் சுருக்குவார். கேட்டமரான் கடைசிவரை நிமிர்ந்தே ஓடும். "சாயாத படகு பொய் சொல்லும்மா" என்றார். அதில் காற்றுமானியைப் பார்த்து, முன்கூட்டியே பாயைக் குறைக்க வேண்டும். முன்பணம் கட்டும் முன் படகுக்காரருக்கு அனுப்பச் சொல்லி அவர் மகளிடம் சொன்ன கேள்வி: எவ்வளவு காற்றுக்கு முதல் சுருக்கு போடுவீர்கள்?