தறிக்குழியின் உயரம்

நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூரில் தமிழ் பேசும் வீடுகளின் பிள்ளைகளுக்கு மொழி இரண்டாகப் பிரிந்தே வந்து சேர்கிறது. நாவுக்கும் செவிக்கும் தமிழ், கண்ணுக்கு மலையாளம். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. பேருந்துப் பலகையும் ரேஷன் அட்டையும் பெரும்பாலும் பள்ளிப் பாடமும் மலையாள எழுத்தில் அமைந்தன. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளையில் இறங்கினால், வீட்டில் பேசும் மொழியின் எழுத்து கடைப்பலகைகளில் தென்படும். அதைப் படிக்கத் தெரியாமலேயே அங்கே தமிழில் பேரம் பேசிவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் உண்டு.

அப்படியொரு வீட்டிலிருந்து உளவியல் இளங்கலை பயிலச் சென்றவள் அந்த மாணவி. காட்சித் தொடர்பியலை ஒளிப்படத்தின் வழியே அறிமுகம் செய்யும் ஒரு பகுதி அவளுடைய பாடத்தில் இருந்தது. அக மதிப்பீட்டுக்கான பயிற்சி எளிமையானது: ‘வீடு’ என்ற பொருளில் பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி விளக்கம், படத்தில் இருப்பவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல். கைப்பேசிக் கேமராவே போதும். உளவியல் வகுப்பில் படம் பிடிப்பதற்கு என்ன வேலை என்று மாணவர்கள் முணுமுணுத்தது இயல்பே.

ஆனால் இந்த உறவு பழையது. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் விதம் பற்றி டார்வின் 1872இல் வெளியிட்ட நூல், ஒளிப்படங்களைச் சான்றாகப் பயன்படுத்திய தொடக்ககால அறிவியல் நூல்களுள் ஒன்று. முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்த படங்களை, எந்த விளக்கமும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் டார்வின் காட்டினார். எந்த உணர்ச்சி தெரிகிறது என்று கேட்டார். சில படங்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். வேறு சிலவற்றில் ஆளுக்கொன்று சொன்னார்கள். படத்தின் பொருள் படத்துக்குள் மட்டும் இல்லை என்பது அப்போதே புலப்பட்டுவிட்டது.

சோவியத் ஆய்வாளர் யார்பஸ் இதைக் கண்ணின் அசைவிலேயே காட்டினார். 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில் புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. எதிர்பாராத ஒருவர் வீட்டுக்குள் நுழையும் காட்சியை ரெபின் தீட்டிய ஓவியம். அதே ஓவியத்தை அதே மனிதரிடம் ஏழு முறை காட்டுகிறார். முதல்முறை கேள்வி ஏதுமில்லை. பிறகு, இந்தக் குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன, இவர்களின் வயது என்ன, வந்தவர் எவ்வளவு காலம் வெளியே இருந்தார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பணி. கேள்வி மாறும்போதெல்லாம் விழியின் தடமும் மாறியது. வயதைக் கேட்டால் கண் முகங்களில் தங்கியது. வசதியைக் கேட்டால் அறையின் பொருள்களில் அலைந்தது. இதைப் படித்துத் தேர்வில் எழுதுவதற்கு ஒரு மாலை போதும். அதையே தன் வீட்டில் கண்டுகொள்ள அந்த மாணவிக்கு மூன்று வாரங்கள் ஆயின.

பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் அவளுடைய தாத்தாவின் தறி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர் மரபு அது. இன்று பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஓணம் நெருங்கினால் கசவு முண்டும் சேலையும் விளம்பரங்களில் நிறைகின்றன. நெய்தவர் அந்த விளம்பரங்களில் எப்போதாவது தோன்றினால், பின்னணியில் மங்கலாகத் தோன்றுவார்.

அவள் முதல் வாரம் எடுத்த படங்கள் அழகாக இருந்தன. சன்னலொளி, நீண்டு கிடக்கும் பாவு, கசவின் மினுக்கம், நடுவே குனிந்த தாத்தா. வகுப்பில் திரையிட்டபோது ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நிற்கிறார்?”

அது குழித்தறி. நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகட்டையை மிதிப்பார். நின்றுகொண்டு எடுத்தால் கேமரா அவருடைய உச்சந்தலையைத்தான் பார்க்கும். மேலிருந்து பார்க்கும் கோணம் உருவத்தைச் சிறிதாக்கும் என்பது காட்சித் தொடர்பியலின் பாலபாடம். அதைக் குறிப்பேட்டில் அவளும் எழுதியிருந்தாள். எழுதிய கையாலேயே தாத்தாவைச் சிறிதாக்கியிருந்தாள். வாங்க வருகிற வணிகரும், பார்க்க வருகிற சுற்றுலாப் பயணியும், கணக்கெடுக்க வருகிற அலுவலரும் நெசவாளரைப் பார்க்கும் உயரம் அதுதான். பேத்தியும் அந்த உயரத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுவாரம் அவள் தரையில் அமர்ந்தாள். பிறகு குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டாள். அங்கிருந்து எடுத்த படங்களில் சன்னலொளி சரியாக விழவில்லை. ஆனால் நாடா பறக்கும்போது தாத்தாவின் பார்வை எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. அறுந்த இழையைத் தேடும் விரல்கள் தெரிந்தன. குழிக்குள் இருக்கும் வீங்கிய கணுக்கால்களும் தெரிந்தன. அந்த வீக்கத்தை வீட்டில் யாரும் அதுவரை பேசியதில்லை.

கேமராவை யார் பிடிப்பது என்ற கேள்வி இந்த நிலப்பகுதியில் வெறும் கலைக் கேள்வியன்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் மனிதர்கள் பெயரின்றி வகைமாதிரிகளாக நிற்கிறார்கள். தலையும் மூக்கும் அளவெடுக்கப்பட்டன. படமும் அந்த அளவெடுப்பின் துணைக்கருவியாயிற்று. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல் நிபந்தனையுடன் அந்த உரிமையைப் பெற்றவர்கள். உடலை யார் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்ற வழக்கு இங்கே கேமராவுக்கு முன்பே நடந்திருக்கிறது.

அந்தக் கருவியைத் திருப்பிப் பிடிக்கும் முயற்சிகளுக்கும் வரலாறு உண்டு. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்தனர். ‘போட்டோவாய்ஸ்’ என்று பின்னர் பெயர்பெற்ற முறை அதிலிருந்து உருவானது. தமிழ்நாட்டில் ஒளிப்படக் கலைஞர் மு. பழனிகுமார் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கக் கற்பித்து, பெற்றோரின் உழைப்பையே படமாக்கச் செய்தார். மீன் விற்கும் தம் தாயின் உழைப்பைப் பதிவு செய்தவர் அவர். பிள்ளை எடுக்கும் படத்துக்கும் விருந்தாளி எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்குப் பாடநூலிலிருந்து வந்ததன்று. ஆனாலும் கேமரா கைமாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவது ஆய்வாளர்களின் வசதியான நம்பிக்கை. வீட்டுக்குள்ளும் உயரங்கள் உண்டு.

அது பாட்டியிடம் வந்தபோது தெரிந்தது. பாவு நூலைச் சுற்றுவதும் கஞ்சி காய்ச்சுவதும் அவர் வேலை. ‘நெசவாளர்’ என்ற சொல் தாத்தாவுக்கு மட்டுமே வழங்கியது. பத்துப் படங்களில் பாட்டி இல்லாத ‘வீடு’ பொய்யாகும் என்று மாணவிக்குத் தோன்றிற்று. கைப்பேசியை எடுத்தவுடன் பாட்டி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“வேண்டாம் மக்களே.”

“ஏன் பாட்டி?”

“பேங்குக்கு ஒண்ணு எடுத்தாச்சு. அது போதும்.”

ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தது. பாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது. மாணவி அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். முழுதும் கேட்டுவிட்டு, “இதுல மாட்டேன்னு சொல்ல இடமுண்டா?” என்றார் பாட்டி. படிவத்தில் கையொப்பத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. ஒப்புதல் அறம் பற்றி அறிஞர்கள் எழுதிய பல பக்கங்களைவிட இந்தக் கேள்வி கூர்மையானது.

தூங்கும்போதோ திரும்பி நிற்கும்போதோ எடுத்துவிடலாம் என்று தோழியர் சொன்னார்கள். கைகளை மட்டும் எடுத்தால் முகம் தெரியாதே என்றார்கள். மறுப்பு முகத்துக்கு மட்டும் உரியதா என்று அவளுக்கு விளங்கவில்லை. எடுக்கவில்லை.

முர்ரேவும் மார்கனும் 1935இல் அறிமுகம் செய்த, டி.ஏ.டி. என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் சோதனையில், படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வார்கள். சொல்லும் கதை சொல்பவரின் மனத்தைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. பின்னர் தொகுக்கப்பட்ட அட்டைகளில் பதினாறாவது வெறும் வெள்ளை. பார்ப்பவர் தாமே ஒரு படத்தைக் கற்பனை செய்து, அதற்குக் கதை சொல்ல வேண்டும். மாணவி ஒன்பது படங்களோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தாள். கீழே நான்கு வரிகள்: பாட்டி செய்யும் வேலைகள், எழும் நேரம், அவர் சொன்ன மறுப்பு, அவர் கேட்ட கேள்வி.

மதிப்பெண் அட்டவணையில் ஒளியமைப்புக்கு, சட்டகத்துக்கு, விளக்கத்துக்கு எனத் தனித்தனி நிரல்கள் இருந்தன. மறுப்புக்கு நிரல் இல்லை. ஆசிரியர் அந்தத் தாளை உடனே மதிப்பிடவில்லை. வகுப்பில் சுற்றுக்கு விட்டு, பாட்டியைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். கூச்ச சுபாவம் என்று பலர் எழுதினார்கள். பழைய காலத்து நம்பிக்கை என்று சிலர். தூத்தூரிலிருந்து வரும் மீனவ வீட்டு மாணவன் ஒருவன் மட்டும், அவர் களைத்திருக்கிறார் என்று எழுதினான். மாணவி அந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டாள். அடுத்த செமஸ்டருக்கான ஒப்புதல் படிவத்தில், கையொப்பக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு சேர்க்கப்பட்டது. இரண்டு எழுத்துகளிலும் அச்சிடப்பட்ட அதன் முதல் வரி, ‘எனக்கு விருப்பமில்லை’.