எத்தனை இயந்திர மனிதர்கள்?

விஞ்ஞானக் கதை எழுத உட்காருகிறவன், தன் இயந்திர மனிதன் எப்படி நடப்பான், எந்தக் குரலில் பேசுவான் என்றெல்லாம் யோசிப்பதற்கு முன்பாக, அந்த உலகத்தில் அவனைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதை நிர்ணயித்துக்கொள்வது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தொகையிலிருந்துதான் கூலி, குடும்பம், பயம், மரியாதை யாவும் கிளைக்கின்றன.

இந்த வித்தையில் ஐஸக் அஸிமோவ் மகா சமர்த்தர். 1957-இல் வெளிவந்த 'தி நேக்கட் சன்' நாவலில் ஸொலேரியா என்றொரு கிரகம். மனிதர்கள் 20,000 பேர், ஆளுக்கு 10,000 இயந்திரங்கள். ஏவலுக்கு இத்தனை கைகள் காத்து நிற்கும் இடத்தில் மனிதனுக்கு மனிதன் வேண்டாதவனாகி, நாளடைவில் அருவருப்புக்கும் உரியவனாகிவிடுகிறான்; அண்டை வீட்டாரோடு பிம்பம் வழியாகத்தான் சம்பாஷணை, கணவன் மனைவி சந்திப்புக்கூட நாள் குறித்துச் செய்யும் கடமை. அதற்கு முன் 1954-இல் புத்தகமாக வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நூலிலோ, பூமியின் நகரத்துக்குள் இயந்திரங்கள் அப்பொழுதுதான் நுழைகின்றன. போலீஸ் அலுவலகத்து எடுபிடிப் பையனின் வேலையை ஒன்று பறித்துக்கொள்கிறது, செருப்புக் கடையில் இயந்திரச் சிப்பந்தி வேண்டாமென்று ஜனங்கள் கொதித்தெழுகிறார்கள். சொற்பமாக இருக்கையில் துவேஷம், அபரிமிதமாக இருக்கையில் தனிமை. ஃபிராங்க் ஹெர்பர்ட் தமது 'டூன்' நாவலில் (1965) பண்டைய புனிதப் போர் ஒன்றைக் காரணம் காட்டிச் சிந்திக்கும் இயந்திரங்களை அடியோடு விலக்கி, அவற்றின் ஸ்தானத்தில் கணக்கிடப் பயின்ற மனிதர்களை அமர்த்தியது இன்னும் துணிச்சலான காரியம்.

என் கதையொன்றில் ஒரு தீவுத் துறைமுகத்துக்கு ஒரே இயந்திர மனிதனைத்தான் கொடுத்தேன். அந்த அருமைக்கு நியாயம் வேண்டுமே! முழங்கால் மூட்டு தேய்ந்தால் மாற்று உறுப்பு நான்கு மாதம் கப்பலில் வரவேண்டும், அதன் கிரயமோ ஊரின் ஓராண்டு மீன் வருமானம் என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்; அதன் தோளில் சுமையேற்ற எவருக்கும் மனம் வரவில்லை. மூட்டை தூக்க மனிதர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள். உழைப்பதற்கென்றே பிறந்த இயந்திரமோ கணக்குப்பிள்ளையின் திண்ணையில் நிழலில் அமர்ந்து, ஊராருக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து வரும் சுமைகாரன், மகனுக்கு நாலு வரி எழுதித் தரும்படி கேட்பதற்கு முன், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறான். இரண்டாவது இயந்திரம் ஒன்று அத்துறையில் வந்து இறங்கியிருந்தால், துண்டு தோளிலேயே கிடந்திருக்கும்.