காளான் அறையும் அடுத்த வீட்டு மேசையும்

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில் இரைச்சலுக்கு எதிராக நான் எழுதியவை கொஞ்சமல்ல. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கக்கூடாது என 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது அதனை வரவேற்று எழுதினேன். பஸ் வண்டிகளின் ஹோர்ன் பற்றியும், திருமண மண்டபங்களின் பாட்டுக் கச்சேரிகள் பற்றியும் எழுதினேன். அயலவரின் உறக்கத்தைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அந்தக் கட்டுரைகளின் சாரம். அத்தகைய நான், 2023 ஆம் ஆண்டு இரண்டு மாத காலம் ஓர் அயல் வீட்டின் இரவைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியவும் இல்லை.

2022 இல் காகிதத் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டு காலக் கொழும்பு வாழ்க்கையை முடித்துக்கொண்டு பிறந்த ஊரான புசல்லாவைக்குத் திரும்பினேன். ஓய்வூதியம் இல்லாத தொழில் எங்களுடையது. ஏதாவது செய்தாக வேண்டும். வீட்டின் பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடி அளவில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதில் சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்றார் நண்பர் ஒருவர். இறப்பர் மரத்தூளும் தவிடும் கலந்து, ஆவியில் அவித்து, வித்திட்ட பைகளை வாங்கி வந்து தட்டுகளில் அடுக்கினேன்.

முதல் அறுவடை ஏமாற்றமாக இருந்தது. தண்டு நீண்டு, குடை சிறுத்து, ஊமத்தம் பூவைப் போன்ற காளான்கள். காளானும் நம்மைப் போலவே ஒட்சிசனை உள்வாங்கி, காபனீரொட்சைட்டை வெளிவிடும் உயிர். மூடிய அறையில் காபனீரொட்சைட்டு தேங்கினால் குடை விரியாது. ஆகவே கம்பளைக்குப் போய், பன்னிரண்டு அங்குல எக்சோஸ்ட் ஃபேன் ஒன்றையும், ஈரப்பதத்துக்காகத் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளிக்கும் சிறிய பம்பி ஒன்றையும் வாங்கினேன். ஃபேனை ஒரு பலகையில் பொருத்தி, அந்தப் பலகையை வசதியாக இருந்த சுவரில் ஆணியடித்து இறுக்கினேன். அடுத்த அறுவடையில் குடைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன.

ஃபேன் இரவு பகலாக ஓடியது. அந்த ஓசை எனக்குத் தொந்தரவாகப் படவேயில்லை என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்து செய்தி எழுதியவன் நான். ரோட்டரி இயந்திரம் ஓடத் தொடங்கினால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். அந்த அதிர்வில் மேசையிலேயே தலைசாய்த்து உறங்கியிருக்கிறேன். காளான் அறையின் இரைச்சலும் அப்படித்தான், ஏதோ உழைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியைத் தந்தது.

எங்கள் வீடும் அடுத்த வீடும் நடுவில் ஒரே சுவரைக் கொண்டவை. அங்கே என் தாயாரோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒரு மூதாட்டியும், அவருடைய மகனின் குடும்பமும் வசிக்கிறார்கள். மூதாட்டியை நான் பெரியம்மா என்றே அழைப்பேன். பேத்தி அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2023 செப்டெம்பர் மாதத்து மழை இரவொன்றில் ஒரு கிண்ணம் காளானோடு அங்கு போனேன். பிள்ளை சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், அரிசிப் பெட்டியின் மேல் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். படிப்பதற்கென்று தகப்பன் செய்து கொடுத்த மேசை இருக்கும்போது இங்கே ஏன் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கன காத்தாடி சத்தம் தம்பி. பாடம் மண்டையில ஏறலன்னு புள்ள சொல்லுச்சு. பரவால்ல, இங்க சூடாத்தானே இருக்கு" என்றார் பெரியம்மா.

"ரெண்டு மாசமா ஏன் பெரியம்மா எங்கிட்ட சொல்லல?"

"இதப் போயி என்னத்தச் சொல்றது? நாமெல்லாம் இஸ்டோரு சத்தத்துல பொழச்சவங்கதானே."

மாணவியின் அறைக்குள் போய்ச் சுவரில் கை வைத்தேன். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரின் மறுபுறத்தில்தான் நான் பலகையை இறுக்கியிருந்தேன்.

பெரியம்மா சொன்ன "இஸ்டோரு" என்ற சொல்லை மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக விளக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் மக்கள் அப்படித்தான் அழைப்பார்கள். புசல்லாவையில் தேயிலையின் கதை பழையது. வேர்ம்ஸ் சகோதரர்கள் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டது 1841 இல். பின்னர் மலைக்கு மலை தொழிற்சாலைகள் எழுந்தன. பறித்த கொழுந்தை வாட்டுவது அங்கே முதல் வேலை. பழைய காலத்தில் மேல்மாடிகளில் சாக்குத் தட்டுகளின் மேல் மெல்லியதாகப் பரப்பி வாட்டினார்கள். பிற்காலத்தில் நீண்ட தொட்டிகள் வந்தன. கம்பி வலையின் மேல் கொழுந்தைக் கனமாகப் பரப்பி, தொட்டியின் ஒரு முனையிலிருந்து பெரிய விசிறி அடியில் காற்றைச் செலுத்தும். பகலில் பறித்த கொழுந்து வாடி, விடிவதற்கு முன்னர் ரோலருக்குப் போக வேண்டும் என்பதால் அந்த விசிறிகள் ஓடுவது பெரும்பாலும் இரவில்தான். அதாவது, தேயிலையின் பெரிய இரைச்சல் தொழிலாளர் உறங்கும் நேரத்துக்கென்றே அமைந்துவிட்டது. நான் பிறந்த லயம் தொழிற்சாலைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

என் தந்தையார் அங்கே ரோலருக்கும் வாட்டும் விசிறிகளுக்கும் இடையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். ஐம்பது வயதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியில் நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் செவிப்புலன் சிறுகச் சிறுகத் தேயும் என்றும், தேய்ந்தது திரும்பாது என்றும் இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று காதடைப்பான் என்ற ஒன்றை அந்தக் கட்டிடத்தில் யாரும் கண்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் உரத்துத்தான் பேசுவோம். அது எங்கள் குணம் என்றே நினைத்திருந்தேன். பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் அறைத் தோழன், "ஏன் மச்சான் எப்பவும் சண்டை பிடிக்கிற மாதிரியே கதைக்கிறாய்?" என்று கேட்டபோதுதான், அது தந்தையின் காதுக்காக நாங்கள் பழகிக்கொண்ட குரல் என்பது எனக்கு உறைத்தது.

அவ்வாறு வளர்ந்தவனே அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சமையலறைக்குத் துரத்தியிருக்கிறேன்.

அன்றிரவே ஃபேனை நிறுத்தினேன். ஆனால் நிறுத்தி வைத்தால் காளான் கெடும். அதில்தான் என் வீட்டுச் செலவும் தங்கியிருந்தது. ஆகவே சத்தத்தைக் குறைக்கும் வேலையில் இறங்கினேன். முதலில் செய்தது மூடத்தனம். ஒலிப்பதிவுக் கூடங்களைப் பார்த்த நினைவில், முட்டை அட்டைகளை வாங்கிச் சுவர் நிறைய ஒட்டினேன். சத்தம் துளியும் குறையவில்லை. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைச் சற்றே தணிக்குமே தவிர, சுவரைக் கடந்து போகும் ஒலியைத் தடுக்கும் பாரம் அதற்கு இல்லை. ரெஜிபோமும் அப்படித்தான். போதாக்குறைக்கு அறையின் ஈரத்தில் அந்தக் காகித அட்டைகளில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. அது காளானுக்குப் பரம எதிரி. பன்னிரண்டு பைகளைத் தூக்கி எறிய நேர்ந்தது.

அதன் பிறகுதான், தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் வந்து ஃபேனைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இந்த ரூமுக்கு எவ்வளவு காத்து வேணும்னு கணக்குப் பாத்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். பத்தடிக்குப் பத்தடி, உயரம் எட்டடி. மொத்தம் 800 கன அடி. சிப்பிக் காளானுக்கு மணிக்கு ஐந்தாறு தடவை அறைக் காற்று மாறினால் போதும். அதாவது நிமிடத்துக்கு 80 கன அடி. என் ஃபேனின் பெட்டியிலோ நிமிடத்துக்கு 800 கன அடி என்று அச்சிட்டிருந்தது. வேண்டியதைப் போலப் பத்து மடங்கு காற்றை, பத்து மடங்கு ஆர்ப்பாட்டத்துடன் வெளியேற்றிக்கொண்டிருந்தேன். பூந்தூறலின் ஈரமும் அதோடு பறந்துபோனதால் பம்பியும் ஓயாமல் ஓடியது.

வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் போடலாமா என்று கேட்டேன். மலிவான ரெகுலேட்டர் போட்டால் விசிறியின் இரைச்சல் குறையும், ஆனால் மோட்டர் முனகத் தொடங்கும் என்றார். அத்துடன் ஒரு கணக்கும் சொன்னார். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். தேவைப்படும் மின்வலு எட்டில் ஒன்றாகிவிடும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். தொழிற்சாலைகள் பலவற்றில் இப்போது வாட்டும் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே மின்வலு பாதியாகிவிடும். "கரண்டு பில்லுக்காகத்தான் போட்டாங்க. லயத்துல தூங்குறவங்களுக்காகப் போடல. ஆனா அவங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் கெடச்சிச்சு" என்றார்.

பெரிய ஃபேனைக் கழற்றி, குளியலறைகளுக்குப் போடும் ஆறங்குல ஃபேன் ஒன்றைப் பொருத்தினோம். பொதுச் சுவரில் அல்ல, மலையைப் பார்த்த பின்சுவரில். திருகாணிகளின் அடியில் பழைய டயர் டியூப்பை வெட்டி வைத்தோம். ஃபேனுக்கும் குழாய்க்கும் இடையில் கித்தான் துணியால் ஒரு கழுத்து. அதிர்வு குழாய்க்குத் தாவாமல் இருக்க. குழாய் நேராக வெளியே போகாமல், உட்புறம் ஃபோம் ஒட்டி மெல்லிய பொலித்தீன் போர்த்திய ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு தரம் வளைந்து போகும்படி செய்தோம். காற்று வளைந்து போய்விடும், ஒலி அந்த ஃபோமில் முட்டிக் களைத்துவிடும். பம்பியைத் தரையிலிருந்து தூக்கி, மணல் நிரப்பிய தட்டின் மேல் தடித்த இறப்பர் துண்டொன்றில் வைத்தோம். கதவின் அடியில் இருந்த இடைவெளியையும் அடைத்தோம். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை.

எழுதி வாழ்ந்தவனுக்கு ஆவணம் இல்லாமல் மனம் ஆறாது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 இல் வெளியான ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளை எடுத்துப் பார்த்தேன். பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல்லும், மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரையில் 45 டெசிபெல்லும் எல்லை. படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபெல்லைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999 இல் சொன்னது. பழைய ஃபேன் ஓடியபோது, மாணவியின் யன்னலருகே என் கைத்தொலைபேசி 58 காட்டியது. புதிய ஏற்பாட்டுக்குப் பின்னர் 41. கைத்தொலைபேசிக் கணக்கு நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதே கருவி அதே இடத்தில் காட்டிய வித்தியாசம் எனக்குப் போதுமானதாக இருந்தது. மின்கட்டணமும் குறைந்தது. காளான் முன்போலவே விரிந்தது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் மாணவி தன் மேசைக்குத் திரும்பினாள். 2024 ஜனவரியில் பரீட்சை நடந்தது. மே மாத இறுதியில் பெறுபேறு வந்தபோது ஒரு பாடத்தில் அவள் எதிர்பார்த்த சித்தி கிடைக்கவில்லை. என் ஃபேன்தான் காரணமா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் எவரும் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் கேட்டபோது, "இல்ல மாமா, அந்தப் பாடம் எனக்கு முந்தியே கஷ்டந்தான்" என்றாள் அவள். அந்தப் பதிலின் பெருந்தன்மை என்னைச் சுட்டது. 2024 நவம்பரில் மீண்டும் எழுதினாள். அடுத்த ஏப்ரலில் வந்த பெறுபேறு பல்கலைக்கழகம் போகப் போதுமானதாக இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஒலிபெருக்கிக்கு எதிராக நான் எழுதியபோது, அந்த ஒலியால் எனக்குச் சல்லிக்காசு வருமானமும் இருக்கவில்லை. ஆகவே அது எனக்கு நன்றாகக் கேட்டது. காளான் அறையின் ஒலி எனக்குச் சோறு போட்டது, அதனால் கேட்கவில்லை. என் தந்தையின் துரைமாருக்கும் வாட்டும் விசிறிகளின் ஓசை இப்படித்தான் கேட்காமல் போயிருக்கும். பெரியம்மாவைப் போன்றவர்கள் முறையிடாததால் குறையே இல்லை என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

இப்போது இரவு பத்து மணிக்குக் காளான் அறையைப் பூட்டிவிட்டு, வீட்டைச் சுற்றிப் போய், அடுத்த வீட்டு யன்னலுக்கு வெளியே சற்று நேரம் நிற்கிறேன். தவளைச் சத்தமும், நுவரெலியா வீதியில் ஏற்றமேறும் லொறியின் முனகலும் கேட்கும். என் ஃபேன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.